வரைபடத்தை வரைபவரும் அதைச் சரிபார்ப்பவரும்

மைசூரிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை குண்டலுபேட்டையில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பந்திப்பூர், தெப்பக்காடு வழியாகக் கூடலூருக்கும் உதகைக்கும் செல்கிறது. மற்றொன்று மத்தூர், முத்தங்கா வழியாகச் சுல்தான் பத்தேரிக்குப் போகிறது. இரண்டுமே பந்திப்பூர் புலிகள் காப்பகத்தை ஊடறுக்கின்றன. இரண்டிலும் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்து இல்லை. 2009 ஜூன் மாதத்தில் சாமராஜநகர் மாவட்ட ஆட்சியர் பிறப்பித்த தடை சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. பின்னர் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் தலையீட்டால் அது உயிர்பெற்று, 2010 மார்ச்சில் இறுதித் தீர்ப்பாக உறுதிப்பட்டது. அதன்பிறகு விவகாரம் உச்சநீதிமன்றம் சென்றது. 2019 இல் பகலிலும் சாலையை மூடலாமா என்ற பேச்சு எழுந்தபோது வயநாடு கொதித்தெழுந்தது.

இந்தத் தடை சரியா, தவறா என்பதைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை. சரி என்பதே என் நிலைப்பாடு. அதை வேறோர் இடத்தில் வாதிடலாம். நான் கேட்க விரும்புவது வேறு. இத்தனை ஆண்டுகளாக இந்த விவகாரத்தில் வாய் திறந்த ஒவ்வொருவரும் 'அறிவியல்' என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் அந்த அறிவியல் எந்தக் கட்டத்தில், யாருடைய கையால் உள்ளே வந்தது? பெரும்பாலும் முடிவு எடுக்கப்பட்ட பின்னர், வழக்கின் இணைப்பு ஆவணமாக வந்தது. சஞ்சய் குப்பி, பூர்ணேஷா, மதுசூதன் ஆகிய மூவரும் நாகரஹொளேயில் வாகனங்கள் ஓடும் சாலைப் பகுதியையும் மூடப்பட்ட பகுதியையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரை 2012 இல்தான் வெளியாகிறது. போக்குவரத்து மிகுந்த ஓரங்களில் புள்ளிமானும் காட்டுமாடும் யானையும் குறைவாகவே தென்படுகின்றன என்று அது காட்டியது. நல்ல ஆய்வு. ஆனால் அத்தகைய ஆய்வு ஒரு நிலப்பரப்பின் பாதுகாப்புத் திட்டத்தின் தொடக்கத்தில் இருக்க வேண்டியது. தீர்ப்பு வந்து இரண்டாண்டு கழித்து வந்து சேர வேண்டியது அன்று.

வாழிடப் பாதுகாப்புத் திட்டமிடலில் சார்பற்ற அறிவியலாளரின் இடம் எது என்பதே என் கேள்வி. 'சார்பற்ற' என்பதை ஒருவரின் குணநலனாகப் பேசும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது: அவர் நேர்மையானவர், யாருக்கும் அஞ்சாதவர் என்று. அது பாராட்டுரைக்குப் பொருந்தும், திட்டமிடலுக்குப் போதாது. யார் ஊதியம் தருகிறார், யார் காட்டுக்குள் நுழைய அனுமதி தருகிறார், தரவு யார் கையில் இருக்கிறது, அறிக்கையை வெளியிடுவதா வேண்டாமா என்று யார் தீர்மானிக்கிறார் ஆகிய நான்கு கேள்விகளுக்கும் ஒரே அலுவலகம்தான் விடை என்றால், எவ்வளவு நேர்மையான ஆய்வாளரும் சார்புடையவரே.

சட்டம் இதை முற்றிலும் அறியாததன்று. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006 ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 38V பிரிவை நம் மாணவர்கள் ஒருமுறையேனும் முழுமையாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் மாநில அரசு ஒரு பாதுகாப்புத் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது அது. உள்மண்டலம் அறிவியல்பூர்வமான, புறவயமான அளவைகளின் அடிப்படையில் வரையறுக்கப்பட வேண்டும். அதற்கென அமைக்கப்படும் வல்லுநர் குழு ஒன்றும் உண்டு. மேலும் சென்று, காட்டில் வாழும் பழங்குடியினரின் செயல்பாடுகளால் மீளமுடியாத சேதம் நேர்கிறது என்று கூற வேண்டுமானால், அந்தப் பகுதியை நன்கறிந்த ஒரு சூழலியல் அறிஞரையும் ஒரு சமூக அறிவியலாளரையும் கலந்தாலோசிக்க வேண்டும் என்றும், மக்களின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்றும் அது விதிக்கிறது. 'அந்தப் பகுதியை நன்கறிந்த' என்ற தொடரைக் கவனியுங்கள். ஒரு சட்டவரைவாளர் களப்பணிக்கு அளித்த மரியாதை அது.

ஆனால் அந்தத் தொடருக்குள்ளேயே சிக்கலும் இருக்கிறது. பந்திப்பூரை நன்கறிய ஒருவர் ஆண்டுக்கணக்கில் அங்கே நடக்க வேண்டும். நடக்க அனுமதி வேண்டும். அதே சட்டத்தின் 28 ஆவது பிரிவின்படி அந்த அனுமதியை வழங்குபவர் தலைமை வன உயிரினக் காப்பாளர். அவர் எந்தத் துறையின் மேலாண்மையை அந்த அறிஞர் மதிப்பிட வேண்டுமோ அதே துறையின் அதிகாரி. மதிப்பிடப்படுபவரே மதிப்பிடுபவரை உள்ளே விடுகிறார். இதில் யாரையும் குற்றம் சாட்டவில்லை. நல்ல அதிகாரிகள் பலர் ஆய்வாளர்களுக்குத் தோள்கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் இந்தியச் சூழலியலே இல்லை. அமைப்பின் வடிவமே இப்படி என்றுதான் சொல்கிறேன். என் சொந்த அனுமதி ஒன்றுக்காகப் பதினான்கு மாதங்கள் காத்திருந்தேன். மறுப்பும் வரவில்லை, விடையும் வரவில்லை. ஓர் உலர்பருவமும் ஒரு மழைக்காலமும் தரவில் இல்லாமல் போயின. ஆராய்ச்சி நல்கையோ ஐந்தாண்டுகளுக்கு மேல் நீளாது. இந்நிலையில் எந்த மாணவர் தன் ஆய்வேட்டின் முடிவுரையில் 'இக்காப்பகத்தின் மேலாண்மைத் திட்டம் தவறானது' என்று எழுதுவார்? எழுதமாட்டார், 'மேலும் ஆய்வு தேவை' என்று எழுதுவார். நம் ஆய்வேடுகளில் அந்த வாக்கியம் இவ்வளவு மிகுந்து காணப்படுவதற்கு அடக்கம் மட்டுமே காரணம் அன்று.

பந்திப்பூரின் வரலாறு இதற்கு மாறான சான்றுகளையும் தருகிறது. 1973 இல் புலிகள் திட்டம் தொடங்கியபோது தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஒன்பது காப்பகங்களில் ஒன்று அது. 1976 முதல் 1978 வரை சிவகாசியில் விலங்கியல் விரிவுரையாளராக இருந்த நாங்குநேரிக்காரர் ஒருவர் அங்கே செந்நாய்களைப் பின்தொடர்ந்தார். அவர் ஏ.ஜே.டி. ஜான்சிங். இந்தியர் ஒருவர் காட்டில் தன்னியல்பில் திரியும் பெரும் பாலூட்டியை முறையாக ஆய்ந்ததில் அது முன்னோடி. துறையின் ஊழியராக அவர் அங்கே செல்லவில்லை. அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில் ஆர். சுகுமார் சாமராஜநகர், சத்தியமங்கலப் பகுதிகளில் யானைகளையும் அவை பயிரை மேய்வதையும் ஆராய்ந்தார். நாகரஹொளேயில் உல்லாஸ் கரந்த் தானியங்கிக் கேமராக்களைக் கொண்டு, புலியின் வரிகளால் ஒவ்வொன்றையும் தனித்தறிந்து எண்ணிக்கையை மதிப்பிடும் முறையைச் செம்மைப்படுத்தினார்.

இந்தக் கடைசிச் செய்தியில் நிற்க வேண்டும். ஏனெனில் சார்பற்ற அறிவியல் இல்லாவிட்டால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதை நாடு கண்ணால் கண்ட ஒரே பெரிய நிகழ்வு அதுதான். காலடித் தடத்தை வைத்துப் புலிகளை எண்ணும் முறையில் 2001-02 இல் நாட்டில் 3,642 புலிகள் இருப்பதாகக் கணக்கு. அந்த முறை நம்பத்தக்கதன்று என்று கரந்த் உள்ளிட்டோர் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தனர். எண்ணுபவரும் எண்ணிக்கைக்குப் பொறுப்பானவரும் ஒருவரே என்ற நிலையில் அவர்களின் குரல் ஏறவில்லை. 2005 தொடக்கத்தில் ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஒரு புலிகூட இல்லை என்று தெரியவந்தது. சுனிதா நாராயண் தலைமையில் பணிக்குழு அமைந்தது, முறை மாறியது, 2008 இல் வெளியான புதிய மதிப்பீடு 1,411 என்றது. இரண்டு முறைகளும் வேறானவை என்பதால் இந்த இரு எண்களையும் கழித்து 'இத்தனை புலிகள் இறந்தன' என்று சொல்வது பிழை. ஆனால் முந்தைய எண்ணை நம்பித் திட்டம் தீட்டிய ஆண்டுகள் வீண் என்று சொல்வது பிழையன்று.

இன்று கேமரா முறை அரசின் முறையாகிவிட்டது. மகிழ்ச்சி. எனினும் அதைச் செய்பவை தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையமும் இந்திய வன உயிரின நிறுவனமும் மாநில வனத்துறைகளும்தான். மாதிரி மதிப்பீட்டை விரிவாக்கும் கணித நடைமுறையை 2015 இல் அர்ஜுன் கோபாலசாமி, கரந்த் முதலியோர் கேள்விக்குட்படுத்தினர், மறுப்புகளும் எழுந்தன. அந்த விவாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பதை வெளியிலிருப்பவர் தீர்மானிக்க மூலத்தரவு பொதுவெளியில் இருக்க வேண்டும். கருவி மாறியிருக்கிறது, சாவி மாறவில்லை.

சார்பற்றவர் என்பதால் ஒருவர் மக்களிடமிருந்தும் விலகி நிற்க வேண்டும் என்று பொருளில்லை. 1970களின் நடுவில் கர்நாடக அரசு மூங்கில் ஏன் அழிகிறது என்று கண்டறியுமாறு மாதவ் காட்கிலைக் கேட்டது. காகித ஆலைகளுக்கு மூங்கில் டன்னுக்கு 1.50 ரூபாய் என்ற விலையில் தரப்பட்ட காலத்தை அடுத்த நிலை அது. பழி கிராமத்தார்மீதும் அவர்களின் மாடுகள்மீதும் இருந்தது. காட்கிலும் அவர் குழுவினரும் கண்டது வேறு. மூங்கில் புதரின் அடியில் இருக்கும் முள்வேலியை 'நெரிசலைக் குறைக்க' வெட்டிவிட வேண்டும் என்பது துறையின் நடைமுறை. அந்த முள் போனதும் இளங்குருத்துகளைக் கால்நடையும் காட்டுவிலங்கும் தின்று தீர்த்தன. இதைக் கிராமத்தார் முன்பே அறிந்திருந்தனர். அவர்களிடம் கேட்க ஒருவர் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. அரசே அழைத்த அறிவியலாளர், அரசின் நடைமுறையே காரணம் என்று சொல்ல முடிந்தது என்பதையும் நாம் மறக்கக்கூடாது. அவருக்கு ஊதியம் தந்தது வேறு நிறுவனம்.

இதே மாவட்டத்தின் பிளிகிரி ரங்கன் மலையிலும் இதை ஒத்த கதை இருக்கிறது. உண்ணிச்செடி பத்தாண்டு இடைவெளியில் காட்டின் ஆய்வுக்கட்டங்களில் ஏறத்தாழ இருமடங்கு இடங்களுக்குப் பரவியதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். சோலிகர்களோ, ஆண்டின் தொடக்கத்தில் சருகுகளை மட்டும் எரிக்கும் 'தரகு பெங்கி' தடைசெய்யப்பட்டதே இதற்குக் காரணம் என்று நெடுநாளாகச் சொல்லிவருகின்றனர். அது முழு விளக்கமா, பகுதி விளக்கமா என்பது சோதிக்கத்தக்க கருதுகோள். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரின் கோபாலசாமி மலைப்பகுதி பற்றியெரிந்த பின்னராவது, கட்டுப்படுத்தப்பட்ட சிறு தீயைச் சோதனைக்கட்டங்களில் வைத்துப் பார்க்கும் நீண்டகாலத் திட்டமொன்று மூன்று மாநிலங்களிலும் ஒருசேரத் தொடங்கியிருக்க வேண்டும். தீ என்ற சொல்லைத் திட்ட ஆவணத்தில் எதிரியாக மட்டுமே எழுதிப் பழகிய ஒரு துறை, அந்தக் கேள்வியைத் தானாகக் கேட்டுக்கொள்ளாது. கேட்பது வெளியாளின் வேலை.

மூன்று மாநிலங்கள் என்றேன். யானைக்கும் புலிக்கும் மோயாறு ஓர் எல்லையன்று. பந்திப்பூர், நாகரஹொளே, முதுமலை, சத்தியமங்கலம், பிளிகிரி ரங்கன் மலை எல்லாம் புலிகள் காப்பகங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திட்டம். நடுவில் இருக்கும் வயநாடு சரணாலயம் புலிகள் காப்பகமே அன்று. ஆகவே 38V பிரிவு அங்கே செல்லாது. ஒரே புலி ஒரே இரவில் வல்லுநர் குழுவைக் கட்டாயமாக்கும் சட்டத்துக்குள்ளிருந்து அதைக் கேட்காத சட்டத்துக்குள் நடந்துபோகலாம். 1986 இல் 5,520 சதுர கிலோமீட்டர் பரப்பில் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் உருவானபோது, மாநில எல்லைகளைத் தாண்டி ஒரே நிலப்பரப்பாகத் திட்டமிட வேண்டும் என்பதே கனவு. அதன் அறிவியல் அடித்தளத்தை அமைத்ததில் பல்கலைக்கழக, ஆய்வு நிறுவன ஆய்வாளர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. பெயர் நிலைத்தது. கூட்டுத் திட்டமிடல் நிலைக்கவில்லை.

மோயாற்றுக்குத் தெற்கே சீகூர்ப் பீடபூமியில் என்ன நடந்தது என்று பாருங்கள். யானை வழித்தடம் எங்கே, எவ்வளவு அகலம் என்ற கேள்வி 2010 ஆம் ஆண்டு அரசாணையிலிருந்து சென்னை உயர்நீதிமன்றத்துக்கும், அங்கிருந்து உச்சநீதிமன்றத்துக்கும் சென்றது. 2020 அக்டோபர் 14 அன்று உச்சநீதிமன்றம் வழித்தடத்தை உறுதிசெய்து, நில உரிமையாளர்களின் முறையீடுகளைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. வெங்கட்ராமன் தலைமையில் குழு அமைத்தது. உறுப்பினர்களில் ஒருவர் அஜய் தேசாய். முதுமலையில் யானைகளுக்குக் கழுத்துப்பட்டை அணிவித்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தவர். அடுத்த மாதமே அவர் மறைந்தார். பகுதியை நன்கறிந்த அறிவியலாளர் என்று நீதிமன்றம் தேடும்போது கிடைப்பவர்கள் கைவிரல் அளவே என்ற உண்மை அன்று வெட்டவெளிச்சமானது. அந்த அறிவு ஒரு மனிதரின் நினைவில் இருந்தது. அதற்கு வாரிசு உருவாக வேண்டுமானால் இன்று இருபத்தைந்து வயதான ஒருவர் சீகூரில் நடந்துகொண்டிருக்க வேண்டும். அனுமதிக் கோப்பு மேசையில் உறங்கும் ஒவ்வோர் ஆண்டும் அந்த வாரிசுரிமையில் ஓராண்டு குறைகிறது.

அறிவியலாளர்களும் தவறுவார்கள், தங்களுக்குள் முரண்படுவார்கள், அவர்களுக்கும் சாய்வு உண்டு என்ற மறுப்பு எழும். உண்மை. காட்டிலிருந்து மக்களை வெளியேற்றுவது பற்றி நாகரஹொளேயை நன்கறிந்த ஆய்வாளர்களிடையே எதிரெதிரான கருத்துகள் இருக்கின்றன. அதனால்தான் ஒருவரை நம்பாமல் நடைமுறையை நம்ப வேண்டும் என்கிறேன். முரண்பாடு எழுத்தில், பெயருடன், திட்டத்துக்கு ஒப்புதல் கிடைக்கும் முன்பே வெளியாக வேண்டும். இறுதி முடிவு அறிவியலாளருடையது அன்று. அது அரசுக்கும் கிராமசபைக்கும் உரியது. ஆனால் வல்லுநர் சொன்னதை ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று அரசு எழுதித்தர வேண்டும்.

மேற்குத்தொடர்ச்சி மலைச் சூழலியல் வல்லுநர் குழுவின் கதை இதற்குப் பாடம். காட்கில் தலைமையிலான குழு 2011 ஆகஸ்டு இறுதியில் அறிக்கையை அளித்தது. அமைச்சகம் வெளியிடவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழி கேட்டு, மத்தியத் தகவல் ஆணையம் ஆணையிட்டு, தில்லி உயர்நீதிமன்றமும் அமைச்சகத்தின் வழக்கைத் தள்ளுபடி செய்த பின்னரே 2012 மே மாதம் அது மக்கள் கண்ணில் பட்டது. அந்தக் கிராமங்களின் மொழிகளில் அறிக்கை சென்றுசேர்ந்து கிராமசபைகளில் விவாதிக்கப்பட வேண்டும் என்று குழு எதிர்பார்த்தது. அறிக்கை போய்ச் சேருமுன் வதந்தி போய்ச் சேர்ந்தது. கஸ்தூரிரங்கன் குழு 2013 இல் வேறோர் எல்லையை வரைந்தது. அதன்மீதான வரைவு அறிவிக்கைகள் 2014 முதல் வந்துகொண்டே இருக்கின்றன; ஆறாவது 2024 ஜூலை 31 தேதியிட்டது. வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவுக்கு மறுநாள். அவ்வாண்டே கர்நாடக அமைச்சரவை கஸ்தூரிரங்கன் அறிக்கையை நிராகரித்தது. குண்டலுபேட்டையில் செண்டுமல்லியும் சூரியகாந்தியும் பயிரிடும் உழவருக்கு இந்த எல்லைக்கோடுகள் எல்லாம் கன்னடத்தில் ஒழுங்காக விளக்கப்பட்டிருந்தால், அவர் எதிர்த்திருந்தாலும் அறிந்து எதிர்த்திருப்பார்.

பந்திப்பூரைச் சுற்றிய சூழல் உணர்திறன் மண்டலம் 2012 இல் அறிவிக்கப்பட்டது. இத்தகைய அறிவிக்கைகளில் மண்டலப் பெருந்திட்டம் வகுக்கப்பட வேண்டும் என்பதும், கண்காணிப்புக் குழுவில் சூழலியல் வல்லுநர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதும் வழக்கம். அந்த ஒற்றை நாற்காலி எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை. பத்து அதிகாரிகள் நடுவே அமரும் ஒருவர் கூட்டக்குறிப்பில் ஒரு வரியாகத்தான் முடிவார்.

அமெரிக்காவில் 1982 முதல் வாழிடப் பாதுகாப்புத் திட்டங்கள் சட்டப்படி நடைமுறையில் உள்ளன. கட்டுமான நிறுவனங்களுக்குச் சலுகையாக அவை மாறிவிட்டன என்ற குற்றச்சாட்டும் நெடுநாளாக உண்டு. அதை நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. எனக்கு அதில் பிடித்தது இரண்டு. கலிஃபோர்னியா தன் வட்டாரப் பாதுகாப்புத் திட்டமிடல் சட்டத்தைத் திருத்தியமைத்தபோது, சார்பற்ற அறிவியல் ஆலோசனையைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே கட்டாயமாக்கியது. இன்னொன்று இன்னும் எளிது. 1999 இல் பீட்டர் கரைவாவின் ஒருங்கிணைப்பில் எட்டுப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட ஆராய்ச்சி மாணவர்களும் ஆசிரியர்களும் இருநூறுக்கு மேற்பட்ட திட்டங்களை எடுத்து, அவற்றில் 43 ஐ வரிவரியாகப் படித்து மதிப்பிட்டனர். ஒவ்வோர் உயிரினத்துக்கும் அடிப்படைத் தரவு இருக்கிறதா, கூறப்படும் தணிப்பு நடவடிக்கை பலன் தரும் என்பதற்குச் சான்று உண்டா, கண்காணிப்பு எப்படி என்று கேட்டனர். பல திட்டங்களில் கண்காணிப்பு என்பதே தெளிவாக இல்லை என்று கண்டனர். இதற்குக் காட்டில் நுழையும் அனுமதி தேவைப்படவில்லை.

நாமும் இதைச் செய்யலாம். மைசூரு, கோவை, கோழிக்கோடு, புதுச்சேரி ஆகிய நான்கு நகரங்களின் பல்கலைக்கழகங்களிலிருந்து ஐந்தைந்து பேர் போதும். அவர்களில் சமூக அறிவியல் மாணவரும் கன்னடமும் மலையாளமும் படிப்பவரும் கட்டாயம் இருக்க வேண்டும். பந்திப்பூர், முதுமலை, சத்தியமங்கலம் காப்பகங்களின் திட்டங்களையும் வயநாட்டின் மேலாண்மைத் திட்டத்தையும் கிடைப்பதைப் பெற்று, கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு, அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். மோயாற்றின் இருகரையிலும் ஒரே யானைக்கூட்டத்தைப் பற்றி இரு திட்டங்களும் என்ன சொல்கின்றன? உண்ணிச்செடியை அகற்ற ஒதுக்கப்படும் தொகைக்குப் பின் அளவீடு உண்டா? இரவுத் தடையின் பலனைத் தொடர்ந்து பதிவுசெய்யும் ஏற்பாடு எந்த ஆவணத்திலாவது இருக்கிறதா? முடிவுகளை ஆங்கிலக் கட்டுரையாக மட்டுமின்றிக் கன்னடத்திலும் மலையாளத்திலும் தமிழிலும் ஒரே நாளில் வெளியிட வேண்டும். முதல் மூன்று மாதங்களுக்கான வேலைத்திட்டத்தின் வரைவு என்னிடம் இருக்கிறது. சேர விரும்புவோர், குறிப்பாகச் சட்டமும் மானுடவியலும் படிப்பவர்கள், உட்பெட்டியில் எழுதுங்கள். மேற்சொன்ன திட்ட ஆவணங்களில் எதன் படியேனும் கையில் இருப்பவர்கள் அதையும் தெரிவியுங்கள்.